உயர்ந்திருக்கும் குதிகால்

"மெமோரியல் டே என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் எரித்ரியாவிலிருந்து வந்த பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மெத்தை மலிவாகக் கிடைக்கிற நாள், டீச்சர்" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்குப் பார்வை கிடையாது. அமெரிக்காவுக்கு வந்து ஒன்றரை வருடமாக ரேடியோதான் அவருக்கு நாட்காட்டி. மே மாதம் முழுக்க அந்த ரேடியோ மெமோரியல் டே என்ற பெயரை மெத்தைக்கடை விளம்பரங்களோடு சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தது. காதில் விழுந்ததை வைத்து அவர் ஒழுங்காக யோசித்துத்தான் அந்த முடிவுக்கு வந்திருந்தார். அதற்கு முந்தைய வாரம் இதே மனிதர் இந்த நாட்டின் 11 அரசு விடுமுறைகளையும் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை வரிசை மாறாமல் ஒப்பித்தார். நானும் மகிழ்ந்து பாராட்டினேன். அந்த 11 பெயர்களுக்கும் பின்னால் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது இந்தப் பதில் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வாரத்தில் இரண்டு மாலை நடக்கும் வகுப்பு அது. வேறு நாடுகளிலிருந்து இங்கே குடியேறிய, பார்வையற்ற அல்லது பார்வை மிகவும் குறைந்த பெரியவர்களுக்கு ஆங்கிலமும் குடியுரிமைத் தேர்வுப் பாடமும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வருடம் ஆறு பேர். எரித்ரியப் பெரியவர், சிரியாவிலிருந்து வந்த ஓர் அம்மா, ஹைட்டியைச் சேர்ந்த ஒரு பெண், சோமாலியாவில் பிறந்த இருபது வயது இளைஞன், மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு பெண், வியட்நாமிலிருந்து பல வருடங்களுக்கு முன்பே வந்துவிட்ட ஒரு தாத்தா. மெக்சிகோப் பெண் மட்டும் பிறவியிலேயே பார்வையற்றவர். பிரெய்லில் என்னைவிட வேகமாக வாசிப்பார். தாத்தாவுக்குக் கண் அழுத்த நோயால் வயதான பிறகு பார்வை போனது. சிரிய அம்மாவுக்குக் குண்டுவீச்சில். அவர் சின்ன வயதிலிருந்து அரபியை வலமிருந்து இடமாக வாசித்துப் பழகியவர். அரபு பிரெய்லோ இடமிருந்து வலமாகத்தான் போகும். ஆங்கிலம் கற்க வந்த இடத்தில் அவர் தன் சொந்த மொழிக்கே விரலைத் திசை மாற்றிப் பழக்க வேண்டியிருந்தது.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடியுரிமை நேர்காணலில் வாய்மொழியாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. 2008-ஆம் ஆண்டுப் பட்டியலில் 100 கேள்விகள். இரண்டு தேசிய விடுமுறைகளின் பெயரைச் சொல்லுங்கள் என்பது அதில் நூறாவது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டியல் 128 கேள்விகளாகிவிட்டது. அதிலிருந்து 20 கேட்பார்கள், 12-க்குச் சரியாகச் சொல்ல வேண்டும். விடுமுறைகளில் இப்போது மூன்றின் பெயர் தேவை. அதோடு மெமோரியல் டே என்றால் என்ன, வெட்டரன்ஸ் டே என்றால் என்ன என்று தனித்தனிக் கேள்விகளும் வந்திருக்கின்றன. வாசிப்புத் தேர்வைப் பிரெய்லிலோ பெரிய எழுத்திலோ தரும்படி முன்கூட்டியே கேட்கலாம். ஆக, பார்வையற்ற ஒருவர் தேர்வில் தேறுவதற்கு வழி இருக்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். என் கவலை மீதிக் கிணற்றைப் பற்றியது.

தாமஸ் கட்ஸ்ஃபோர்த் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். அவரும் பார்வையற்றவர். பள்ளியில் படிக்கும் பார்வையற்ற பிள்ளைகள், தங்கள் கைக்கும் காதுக்கும் எட்டாத பொருட்களைப் பற்றிப் பேசும்போது பார்வையுள்ளவர்களின் சொற்களைக் கடன் வாங்கிப் பேசுகிறார்கள் என்று 1930-களிலேயே எழுதினார். வெர்பலிசம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பொருள் கைக்கு வராமல் சொல் மட்டும் வாய்க்கு வந்துவிடுவது. பார்வையுள்ளவர்களும் எத்தனையோ விஷயத்தில் இப்படித்தான் பேசுகிறோம், அதனால் இதைப் பார்வையற்றவர்களின் குறையாக மட்டும் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் ஓர் ஆசிரியருக்கு அது நல்ல எச்சரிக்கை. மாணவர் சரியான சொல்லைச் சொல்லிவிட்டார் என்பதால் என் வேலை முடிந்துவிட்டதாக நான் நினைக்கக் கூடாது.

முதல் வருடம் நான் அப்படித்தான் நினைத்தேன். பாடத்துக்கென்று எனக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சித்தாள்கள் முழுக்கப் படங்கள். வண்ணம் தீட்டுவதற்கு ஒரு வான்கோழி, கோடிட்ட தொப்பி, பட்டாசு, சிவப்பு வெள்ளை நீலக் கொடி. பார்வையற்றவர்களுக்கான வகுப்பு என்று தெரிந்தும் இதைத்தான் அனுப்பியிருந்தார்கள். நான் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக வாயால் விவரித்தேன். நீளமான, கவனமான விவரிப்புகள். மாணவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் விடுமுறை எங்கே இருக்கிறது என்று இப்போது யோசித்தால் எங்கேயுமே இல்லை. அது விடுமுறைக்குப் போட்டுவிட்ட அலங்காரம். கண்ணுக்காகச் செய்த அலங்காரத்தைச் சொல்லாக மாற்றி, கண் இல்லாதவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மெத்தைப் பதில் வந்த அந்த மே மாதத்தில்தான் எல்லாம் மாறியது. மாதக் கடைசித் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை, நகரத்துக்கு வெளியே இருக்கும் போர்வீரர் கல்லறைக்கு எல்லோரையும் வேனில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எல்லாக் கல்லும் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே இடைவெளி. ஒவ்வொருவரையும் ஒரு வரிசையின் தொடக்கத்தில் நிறுத்தி, கல்லின் மேல் விளிம்பைத் தொட்டபடி நடக்கச் சொன்னேன். ஒரு கல், நாலு எட்டு, அடுத்த கல், நாலு எட்டு, அடுத்த கல். முதல் பத்துக் கல் வரைக்கும் பேச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் வெள்ளைக் கோல்கள் புல்லில் உரசும் சத்தம் மட்டும். வியட்நாம் தாத்தாவுக்கு அச்செழுத்து தெரியும் என்பதால் செதுக்கிய பெயர்களை விரலால் தடவிப் படித்து மற்றவர்களுக்குச் சொன்னார். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. சோமாலிய இளைஞன் இரண்டு தேதிகளையும் கழித்துப் பார்த்து, "இவனுக்கு என் வயசு" என்றான்.

புல்லில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். உள்நாட்டுப் போர் முடிந்த மூன்றாவது வருடம், 1868 மே 30 அன்று, செத்த வீரர்களின் கல்லறைகளில் பூ வையுங்கள் என்று ஜெனரல் ஜான் லோகன் கேட்டுக்கொண்டது, 1971 முதல் அது மே மாதக் கடைசித் திங்களுக்கு மாறியது, அன்று பிற்பகல் 3 மணிக்கு ஒரு நிமிடம் எல்லோரும் அமைதியாக இருக்க வேண்டும் என்ற வழக்கம். அதே போரின்போது, 1862-இல் உருவான 'டாப்ஸ்' என்ற ஊதுகொம்பு இசையைக் கைப்பேசியில் போட்டேன். மொத்தம் 24 சுரம். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

எரித்ரியப் பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எங்களுக்கு ஜூன் 20" என்றார். எரித்ரியாவில் அன்று தியாகிகள் நாள். முந்தின நாள் சாயங்காலம் கையில் மெழுகுவர்த்தியோடு தெருவில் நடப்பார்களாம். பார்வை இருந்த காலத்திலும் நடந்திருக்கிறார், போன பிறகும் நடந்திருக்கிறார். உருகிய மெழுகு விரலில் சொட்டுவதைப் பற்றிச் சொன்னார், தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். "அப்போ இது அதே நாள்தான். இதை ஏன் ரேடியோவில் ஒருத்தரும் சொல்லவில்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் வெட்டரன்ஸ் டேயைச் சொல்லிக்கொடுக்க எனக்கு அதற்கப்புறம் ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அது உயிரோடு திரும்பி வந்தவர்களுக்கும் சேர்த்து, நவம்பர் 11, முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் 1918-இல் ஓய்ந்த நாள். இறந்தவர்களின் நாளைக் கையால் தொட்டவர்களுக்கு அந்த வேறுபாடு உடனே பிடிபட்டது.

கிளம்பும்போது மெக்சிகோப் பெண் கொடிக்கம்பத்தின் கீழே நின்றுவிட்டார். காற்றில் கயிறு உலோகக் கம்பத்தில் டங் டங் என்று தட்டிக்கொண்டிருந்தது. "எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே சத்தம்தான். எனக்குக் கொடி என்றால் இதுதான்" என்றார். மெமோரியல் டே அன்று நண்பகல் வரை கொடி அரைக்கம்பத்தில் பறக்கும் என்று நான் சொன்னதும், "அப்போ துணி படபடக்கிற சத்தம் கீழேயிருந்து வரும், இல்லையா?" என்று கேட்டார். நான் அப்படி யோசித்ததே இல்லை. வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் பார்வையற்ற வீரர்களுக்காக ஒரு பிரெய்ல் கொடி வைப்பதற்கு 2008-இல் சட்டமே இயற்றினார்கள் என்று அவருக்குச் சொன்னேன். பட்டைகளையும் நட்சத்திரங்களையும் விரலால் தடவி அறியலாம். நல்ல விஷயம்தான். ஆனாலும் அவருடைய கொடி அந்தக் கயிற்றுச் சத்தத்தில்தான் இருந்தது. அதை எந்தச் சட்டமும் அவருக்குக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விடுமுறையைப் பாடமாக எடுக்கும் முன்னால் எனக்கு நானே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். கண்ணுக்கான அலங்காரத்தை எடுத்துவிட்டால் இந்த நாளில் மிச்சம் என்ன? வகுப்பில் இருப்பவர்களில் யாருடைய கையில் இதற்கு இணையான நாள் ஏற்கெனவே இருக்கிறது? தமிழில் நாம் தொட்டுப் பார், கேட்டுப் பார், முகர்ந்து பார், ருசித்துப் பார் என்றுதான் சொல்கிறோம். எல்லாப் புலனுக்கும் பின்னால் ஒரு 'பார்' வருகிறது. ஆங்கிலத்தில் வகுப்பு எடுக்கும்போதும் என் மனதுக்குள் இந்தச் சொற்கள்தான் ஓடுகின்றன.

நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு சிக்கல் இருந்தது: நாட்காட்டி. இங்கே பல விடுமுறைகளுக்குத் தேதி கிடையாது. ஜனவரியின் மூன்றாவது திங்கள், செப்டம்பரின் முதல் திங்கள், நவம்பரின் நான்காவது வியாழன். 1968-இல் ஒரு சட்டம் போட்டு, 1971 முதல் சில விடுமுறைகளைத் திங்களுக்கு மாற்றினார்கள். 'மூன்றாவது திங்கள்' என்று சொன்னதும் பார்வையுள்ளவர்கள் மனதில் ஒரு கட்டம் விரியும். ஏழு நெடுவரிசை, திங்கள் வரிசையில் மேலிருந்து மூன்றாவது பெட்டி. அந்தக் கட்டத்தைத் தொட்டே பார்த்திராதவருக்கு வாரம் என்பது ஏழு நாள் நடந்தால் திரும்ப வரும் பாதை. மேலும் கீழும் இருக்கும் பெட்டிகள் அவர் மனதில் இல்லை. தடித்த அட்டையில் நூல் ஒட்டிக் கட்டம் போட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் பிரெய்லில் எண் குத்தி, திங்கள் வரிசையில் விரலை மேலிருந்து கீழே இழுக்கப் பழக்கினேன். இதற்கு மூன்று வகுப்பு ஆனது. அந்த மூன்று வகுப்பும் வீணாகவில்லை. மருத்துவர் சந்திப்பு, வாடகைத் தேதி எல்லாமே அதில்தான் வருகிறது.

கட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது சோமாலிய இளைஞன், "எங்கள் ஈத் இதில் எந்தப் பெட்டி?" என்றான். அது ஒரே பெட்டியில் இருக்காது, இந்த நாட்காட்டியில் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும் என்றேன். பிறை தெரிந்தால்தான் ஈத். அப்போது அவன் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "சின்ன வயதில் எனக்கு அந்த ராத்திரி ரொம்பப் பிடிக்கும். யாரோ ஒருத்தர் பிறையைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். மற்ற எல்லோரும் அவர் சொன்னதை நம்பிக்கொண்டு கொண்டாடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஊர் முழுக்க என்னை மாதிரிதான் இருக்கும்."

சிரிய அம்மா அவன் இருந்த பக்கம் கையை நீட்டி, தோளைத் தேடித் தட்டிக்கொடுத்தார்.

ஜூன்டீன்த் பாடத்தை நான் நடத்தவில்லை, ஹைட்டிப் பெண்தான் நடத்தினார் என்று சொல்ல வேண்டும். அடிமைகள் விடுதலை பெற்றார்கள் என்ற லிங்கனின் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று வந்துவிட்டது. டெக்சாஸில் இருக்கும் கால்வெஸ்டன் நகரத்தில் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் வந்து அதை அறிவித்தது 1865 ஜூன் 19. நடுவில் இரண்டரை வருடம். அந்த நாள் நாடு முழுவதற்குமான அரசு விடுமுறை ஆனதோ 2021-இல்தான். நான் இதைச் சொல்லி முடித்ததும் அவர், "இரண்டரை வருடம் அவர்களுக்குத் தெரியாதா, தெரியவிடவில்லையா?" என்று கேட்டார். பல இடங்களில் முதலாளிகள் வேண்டுமென்றே அமல்படுத்தாமல் இருந்தார்கள், படை வந்துதான் அமலுக்கு வந்தது என்றேன். அவருக்கு அது புரிந்த விதம் வேறு. தான் குடியிருக்கும் கட்டடத்தில் தண்ணீர் நிறுத்தப்போவதாக அச்சடித்த காகிதத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வரைக்கும் தனக்குத் தெரியாது, சில நாள் சொல்ல மறந்துவிடுகிறார் என்றார். "செய்தி ஒரு இடத்தில் இருக்கும். என்னிடம் வந்து சேராது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்."

அப்புறம் தன் நாட்டின் கதையைச் சொன்னார். 1791-இல் தொடங்கிய அடிமைகளின் கிளர்ச்சி, 1804 ஜனவரி 1-இல் பிறந்த சுதந்திர ஹைட்டி. அன்று காலையில் அங்கே எல்லா வீட்டிலும் சூப் ஜூமு என்ற பூசணி சூப் வைப்பார்கள். அடிமைகளாக இருந்தபோது அதைச் சமைத்தவர்களுக்கு அதில் ஒரு வாய் குடிக்க அனுமதி இல்லை என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சுதந்திரம் கிடைத்ததும் அதையே தங்கள் சூப்பாக ஆக்கிக்கொண்டார்கள். 2021-இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வகுப்புக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய அதைச் செய்துகொண்டு வந்தார். ஜூன் மாதப் புழுக்கத்தில் சுடச்சுடக் குடித்தோம். விடுதலை என்ற சொல்லுக்கு நான் எத்தனையோ விளக்கம் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாள்களை வெளியே எடுக்கவே இல்லை.

இந்தப் பாடத்துக்கு அடுத்த வாரம்தான் சுதந்திர தேவி சிலை வந்தது. முன்பு ஒரு தடவை கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைக் கொடுத்திருந்தேன். தாத்தா அதைத் திருப்பித் திருப்பித் தடவிவிட்டு, "இது இவ்வளவுதானா?" என்றார். அளவைச் சொல்லாமல் பொம்மையைக் கொடுத்தது என் தவறு. இந்த முறை ஒரு நூலகத்தின் முப்பரிமாண அச்சுப்பொறியில் பகுதி பகுதியாக அச்சடித்து ஒட்டிய இரண்டடி மாதிரி கிடைத்தது. அதைத் தொடும் முன்னால் தாழ்வாரத்தில் எட்டடிக் கயிறு ஒன்றை நீளவாக்கில் கட்டி வைத்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொருவராக நடந்தார்கள். "இது அவளுடைய ஆள்காட்டி விரல்" என்றேன். சிலையின் உயரம் 151 அடி என்று எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அந்தக் கயிறு செய்த வேலையைச் செய்திருக்காது.

பிறகு மாதிரியைத் தொட்டார்கள். கிரீடத்தின் ஏழு கதிர், தீபம், இடது கையில் 1776 ஜூலை 4 என்று ரோமன் எண்ணில் பொறித்த பலகை. இது எல்லோருக்கும் தெரிந்தது, பாடப்புத்தகத்தில் இருப்பது. ஆனால் விரல்கள் அங்கேயே நிற்கவில்லை. கண்ணுக்கு முகம்தான் முதலில் தெரியும், அங்கேயே தங்கிவிடும். விரலுக்கு அந்தப் பாரபட்சம் இல்லை. ஹைட்டிப் பெண்ணின் விரல்கள் அங்கியின் மடிப்பு வழியாக இறங்கி, அடியில் போய் நின்றன. "இங்கே என்னவோ வளையம் வளையமாக இருக்கிறது." அது அறுந்த சங்கிலி. சிலையின் காலடியில் கிடக்கிறது, தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அந்தச் சிலை வேண்டும் என்று முதலில் பேசிய பிரெஞ்சுக்காரரான லாபூலே அடிமைமுறையை எதிர்த்தவர் என்று சொன்னேன். ஹைட்டிப் பெண் சங்கிலியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதற்குள் சோமாலிய இளைஞன் மறுபக்கத்திலிருந்து, "டீச்சர், இவள் நிற்கவில்லை" என்றான். சிலையின் பின்புறம், அங்கியின் விளிம்புக்குக் கீழே அவன் கை இருந்தது. "குதிகால் தரையில் இல்லை. தூக்கியிருக்கிறது. இவள் நடக்கிறாள்."

உண்மைதான். வலது குதிகால் உயர்ந்திருக்கிறது, அடி எடுத்து வைக்கிற நிலையில்தான் சிலையை அமைத்திருக்கிறார்கள். படகில் போய் அந்தச் சிலையை இரண்டு தடவை நேரில் பார்த்தவள் நான். நிற்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆறு பேரும் வரிசையாக வந்து அந்தக் குதிகாலுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தார்கள். தாத்தா இரண்டாவது தடவையும் வந்தார்.

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4-ஐப் பற்றி எழுதுவதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. இந்த நாட்டில் அது மகிழ்ச்சியான இரவு. பார்வையில்லாமல், போரிலிருந்து தப்பி வந்த ஒருவருக்கு அந்த இரவில் கிடைப்பது வாணவேடிக்கையின் வெடிச்சத்தம் மட்டும்தான். வானத்தில் விரியும் நிறம் கிடையாது. அதுவும் ஒரு நாளோடு முடியாது. முன்னும் பின்னுமாகச் சில நாட்களுக்கு அக்கம்பக்கத்தில் நினைத்த நேரத்தில் வெடிக்கும். முதல் வருடம் சிரிய அம்மா மூன்று இரவு குளியலறையில் உட்கார்ந்திருந்தார் என்று அவர் மகள் பிறகுதான் சொன்னாள். அடுத்த வருடம் ஜூன் மாதமே தேதியையும் நேரத்தையும் வீட்டாரோடு பேசி வைத்துக்கொண்டோம். ஜன்னலில்லாத அறை, மின்விசிறிச் சத்தம், காதில் அவருக்குப் பிடித்த ஓதல். கொண்டாட்டத்துக்கு வரவில்லை என்பதும் விடுமுறையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஒரு வழிதான் என்று நினைக்கிறேன். யாரையும் கொண்டாடு என்று இழுத்துக்கொண்டு போக ஆசிரியருக்கு உரிமை இல்லை.

மூன்றாவது வருடம் அவரே கேட்டார், ஒரு பதிவைச் சின்னச் சத்தத்தில் கேட்கலாமா என்று. ஒலியளவுத் திருகியை அவர் கையிலேயே கொடுத்தேன். முதலில் மெல்லிய விசில் மேலே ஏறும், ஒரு நொடி மௌனம், பிறகு வெடிப்பு, அப்புறம் பொரிவது போன்ற சடசடப்பு. ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் அவருடைய மறு உள்ளங்கையில் என் ஐந்து விரலையும் குவித்து வைத்து மெதுவாக விரித்துக் காட்டினேன். நாலைந்து முறை ஆனதும் அவர் திருகியை மூடிவிட்டு, "அங்கே சத்தம் மேலேயிருந்து கீழே வரும். இது கீழேயிருந்து மேலே போகிறது" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் மறுபடியும் திருகியைத் திறந்தார்.

இதற்கு நேரெதிராக, மெக்சிகோப் பெண்ணின் சுதந்திர தினத்துக்குக் கண்ணே தேவையில்லை. 1810-இல் தோலோரெஸ் ஊரில் இதால்கோ பாதிரியார் ஆலய மணியை அடித்து மக்களைக் கிளர்ச்சிக்கு அழைத்தார். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 15 இரவு அதிபர் அரண்மனை மாடத்திலிருந்து மணியடித்து 'விவா மெஹிகோ' என்று குரல் கொடுப்பார், கீழே கூட்டம் திருப்பி முழங்கும். மறுநாள் 16 விடுமுறை. இங்கே நிறையப் பேர் மே 5-ஐ மெக்சிகோவின் சுதந்திர தினம் என்று நினைக்கிறார்கள். அது 1862-இல் பியூப்லாவில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள். இதைத் திருத்துவதில் அவருக்குத் தனி ஆர்வம். ஒரு வெண்கல மணியை எடுத்து வந்து எங்கள் எல்லோரையும் கத்த வைத்தார். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ட்டின் லூதர் கிங் நாளும் அப்படிக் காதுக்குச் சொந்தமான நாள்தான். 1963 ஆகஸ்ட் 28 அன்று அவர் பேசிய பேச்சை ஒலிக்கவிட்டால் போதும், அதைப் பொறுத்தவரை பார்வையுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதோடு மாணவர்கள் விரும்பிக் கேட்கும் இன்னொரு செய்தி இருக்கிறது. அந்த நாளை விடுமுறை ஆக்க வேண்டும் என்று பாட்டு எழுதி, 1981 ஜனவரியில் வாஷிங்டனில் பெரும் கூட்டத்தைத் திரட்டி முன்னால் நின்றவர் ஸ்டீவி வொண்டர். பார்வையற்ற இசைக்கலைஞர். 1983-இல் சட்டம் கையெழுத்தானது, 1986-இல் முதல் முறையாக விடுமுறை. "இந்த விடுமுறைக்கு நம்ம ஆளும் உழைத்திருக்கிறார்" என்று எரித்ரியப் பெரியவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்லும் நாளான தேங்க்ஸ்கிவிங்கைச் சுருக்கமாகத்தான் எடுக்கிறேன். 1621 அறுவடை விருந்து, 1863-இல் லிங்கனின் அறிவிப்பு, 1941-இல் நான்காவது வியாழன் என்று சட்டம். ஒரு வான்கோழி இறகைக் கையில் கொடுத்துவிடுவேன். 1970 முதல் பிளிமத் நகரில் பூர்வகுடிகள் அதே நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள் என்பதையும் தவறாமல் சொல்கிறேன். அதைச் சொன்னபோதுதான் தாத்தா முதன்முதலாக ஏப்ரல் 30-ஐப் பற்றிப் பேசினார். 1975-இல் சைகோன் வீழ்ந்த நாள். வியட்நாமில் அது தேசிய விடுமுறை, இணைப்பு நாள். இங்கே வந்து சேர்ந்த அவரைப் போன்றவர்களுக்கு நாட்டை இழந்த நாள். "ஒரே தேதிதான். அங்கே கொடி ஏற்றுவார்கள், இங்கே நாங்கள் ஊதுவத்தி கொளுத்துவோம்."

பாதுகாப்பு விஷயம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பாடப்புத்தகங்களில் நான் பார்த்ததில்லை. வெள்ளைக் கோலோடு சாலையைக் கடப்பவர்கள், தங்களுக்கு இணையான திசையில் வண்டிகள் கிளம்பும் இரைச்சலை வைத்துத்தான் விளக்கு மாறியதைத் தெரிந்துகொள்வார்கள். விடுமுறை நாளில் அந்த இரைச்சல் இருக்காது. பேருந்து ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் ஓடும். தபால்காரர் வர மாட்டார், நூலகம் பூட்டியிருக்கும். ஊர்வலம் என்று சில தெருக்களை அடைத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு ஓய்வு நாளாக இருப்பது இவர்களுக்குத் தெரிந்த வழி எல்லாம் மாறிப்போகிற நாள். ஆகவே ஒவ்வொரு விடுமுறைக்கும் முந்தைய வகுப்பில், நாளை எந்தச் சத்தம் இருக்காது என்பதையும் சேர்த்துப் பேசுகிறோம். "தெரு அமைதியாக இருக்கிறது, இன்றைக்கு என்ன நாள்?" என்று காலையில் எனக்குப் போன் செய்து கேட்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள்.

இப்போது வகுப்பில் நாங்களே செய்த ஒரு நாட்காட்டி இருக்கிறது. நாளுக்கு ஒரு தடித்த தாள், துளையிட்டு வளையத்தில் கோர்த்தது. ஆங்கில பிரெய்லில் 'டே' என்ற சொல்லைச் சுருக்கி எழுத, ஆறு புள்ளிக் கட்டம் ஒன்றில் ஐந்தாம் புள்ளியும் அதையடுத்து டி எழுத்தும் போட்டால் போதும். லேபர் டே, மெமோரியல் டே, இண்டிபெண்டன்ஸ் டே என்று எந்தத் தாளைத் திருப்பினாலும் பெயரின் கடைசியில் அந்த இரண்டு கட்டம் விரலில் படும். புதிதாகப் பிரெய்ல் கற்கும் சிரிய அம்மா முதலில் வாசித்த ஆங்கிலச் சொல்லே அதுதான். ஜூன் 20, செப்டம்பர் 16, ஜனவரி 1 தாள்களை அவரவர் தங்கள் மொழிப் பிரெய்லிலும் குத்தினார்கள். ஈத் தாளை மட்டும் ஒவ்வொரு வருடமும் கழற்றி வேறு இடத்தில் கோர்ப்போம். அக்டோபர் 15-க்கு ஒரு தாள் உண்டு. 1964-இல் அதிபர் ஜான்சன் வெள்ளைக் கோல் நாளாக அறிவித்தது. ஆறு பேருக்கும் பொதுவான நாள் என்பதால் அன்று வகுப்பை வெளியே நடந்துகொண்டே நடத்துவோம்.

ஏப்ரல் 30 தாளில் என்ன எழுதலாம் என்று தாத்தாவிடம் கேட்டேன். தேதி மட்டும் போதும் என்றார்.

பிரெய்ல் புள்ளிகள் அதிகம் தடவப்பட்டால் அமுங்கிப் போய்விடும். போன வாரம் தாள்களைப் புரட்டியபோது மூன்று தாள்கள் கிட்டத்தட்ட வழுவழுப்பாகிவிட்டது தெரிந்தது. ஜூன் 19, ஜூன் 20, ஏப்ரல் 30. செவ்வாய்க்கிழமை வகுப்புக்குள் அந்த மூன்றையும் புதிதாகக் குத்த வேண்டும். ஏப்ரல் 30-ஐத் தானே குத்துவதாகத் தாத்தா சொல்லியிருக்கிறார்.